ரோஜா மொட்டும் பாதிரியாரும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ராபர்ட் ஹெரிக் என்னும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் இளங்கன்னியரை நோக்கிப் பாடிய பதினாறு வரிப் பாடலொன்றைத் தமிழில் தந்திருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பாடலையும் அதைப் பாடியவரையும் பற்றியே இருந்தமையால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

“இயலும்போதே ரோஜா மொட்டுகளைப் பறித்துக்கொள்ளுங்கள்” என்று இளம்பெண்களைப் பார்த்துப் பாடியவர் ஒரு பாதிரியார் என்று அடிக்குறிப்பில் போட்டிருந்தீர்கள். அச்சுப்பிழையா? – கல்லூரி மாணவி, திருமங்கலம்

அச்சுப்பிழை அன்று. ஹெரிக் 1623இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். 1627இல் பக்கிங்காம் பிரபு பிரான்சின் ரே தீவின்மேல் படையெடுத்துச் சென்றபோது அந்தப் படையுடன் சென்ற குருமார்களில் ஒருவர். 1630 அளவில் டெவன் பகுதியிலுள்ள டீன் பிரையர் என்னும் சிற்றூருக்குப் பங்குக் குருவாகப் போய்ச் சேர்ந்து, மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரின் விளைவாக இடையில் விலக்கிவைக்கப்பட்ட ஆண்டுகள் நீங்கலாக, 1674இல் தம் 83ஆம் வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர்.

பாடலின் கடைசி நான்கு வரிகளைத் தாங்கள் மறுபடி படிக்க வேண்டும். நாணி ஒதுங்கி நிற்காதீர்கள், காலம் இருக்கும்போதே போய்த் திருமணம் செய்துகொள்ளுங்கள், பருவத்தை ஒருமுறை தவறவிட்டால் பிறகு என்றென்றும் காத்திருக்க நேரிடும் என்றுதான் அது முடிகிறது. மேற்கோளாக ஊர் சுற்றுவது முதல் வரி மட்டுமே என்பதால், கட்டுப்பாடற்ற இன்பத்துக்கு விடுத்த அழைப்பைப் போல அது தோன்றிவிடுகிறது. முழுவதையும் படித்தால், கோயிலில் தாலி எடுத்துக் கொடுக்கும் நிலையில் இருக்கும் ஒருவர், “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்று தம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே இருக்கிறது.

தங்கள் ஊர்ப் பக்கத்தில் மல்லிகை பயிரிடுவோர் விடியுமுன் தோட்டத்தில் இறங்கி மொட்டாகவே பறிப்பது ஏன் என்று தங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விரிந்த பூவுக்குச் சந்தையில் விலை இல்லை. ஹெரிக்கும் முதல் வரியில் மொட்டு என்றே சொல்கிறார். மூன்றாம் வரியில் அது சிரிக்கும் மலராகிவிடுகிறது, நான்காம் வரியில் நாளைக்குச் சாகப்போவதாகிவிடுகிறது. அடுத்த பத்தியில் சூரியன் உச்சியை நோக்கி ஏற ஏற அந்தியை நெருங்குகிறது என்று அவர் சொல்வதெல்லாம், எனக்குத் தோன்றுவதைச் சொன்னால், அந்த முதல் நான்கு வரிகளுக்கு எழுதிய உரைதான்.

நிலையாமையைச் சொல்லி அறத்துக்கு அழைப்பது நம் மரபு. நிலையாமையைச் சொல்லி இன்பத்துக்கு அழைப்பது மேலைநாட்டுச் சரக்கு. இதை நம் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டுமா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வாடிப்பட்டி

ஐயா, தங்கள் கடிதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். அதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. ஹெரிக் குருப்பட்டம் பெற்ற அதே 1623இல்தான் திருமலை நாயக்கர் அரியணை ஏறினார். அவர் காலத்தில் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றிய குமரகுருபரர், “நீரில் குமிழி இளமை” என்று நீதிநெறி விளக்கத்தைத் தொடங்கி, செல்வத்தை நீரில் சுருளும் அலையாகவும் உடம்பை நீர்மேல் எழுதிய எழுத்தாகவும் காட்டிவிட்டு, அப்படியிருக்க எம்பிரானுடைய மன்றை, அதாவது அவன் ஆடும் தில்லை அம்பலத்தை, வழுத்தாமல் இருப்பதேன் என்று கேட்கிறார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு சமயத்துறையினர், ஒரே நூற்றாண்டில் ஒரே உண்மையைக் கண்டு, ஒருவர் மன்றுக்கும் மற்றவர் மணவறைக்கும் வழிகாட்டினார்கள்.

இரண்டாம் பாதியைத்தான் ஏற்க இயலவில்லை. பொருள் தேடப் புறப்படும் தலைவனைத் தடுத்து நிறுத்தும் தோழி, ஒரே ஆடையைக் கிழித்து இருவரும் உடுத்தும் வறுமை வந்தாலும் கூடி வாழ்வதே வாழ்க்கை என்று சொல்லி, “அரிதரோ சென்ற இளமை தரற்கு” என்று முடிப்பது நம் பாலைக்கலியில் இருக்கிறது. அந்த அடியை ஆங்கிலத்தில் எழுதி ஹெரிக்கின் பாடல்களுக்கு நடுவே வைத்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. ஆகவே சரக்கு மேலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாஃபடில் என்னும் மஞ்சள் மலரைப் பார்த்து அவர் பாடிய மற்றொரு பாடலில், “இத்தனை விரைவில் போகிறாயே, மாலை வழிபாடு முடியும்வரையாவது நில், சேர்ந்து வேண்டிக்கொண்டபின் நாங்களும் உன்னுடன் வந்துவிடுகிறோம்” என்கிறார். இங்கே அதே விரைவு, அதே வாட்டம், ஆனால் கைகள் கூப்பியிருக்கின்றன. கன்னியர் பாடலை மட்டும் வைத்து அவரைத் தீர்ப்பிடுவது, நற்றிணையைப் படிக்காமல் நாலடியாரை மட்டும் படித்துவிட்டுத் தமிழர்கள் காதலித்ததே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அவர் பொற்கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று எங்கோ படித்தேன். எங்கள் தொழிலைச் சேர்ந்தவரா? – நகைப்பட்டறை வைத்திருப்பவர், தெற்கு ஆவணி மூல வீதி

ஆம். லண்டனில் பொற்கொல்லர் கடைகள் நிறைந்திருந்த சீப்சைடு வீதியில், நிக்கொலஸ் ஹெரிக் என்னும் வசதியான பொற்கொல்லரின் மகனாக 1591இல் பிறந்தவர். மகனுக்கு ஒன்றேகால் வயது ஆனபோது தந்தை தம் வீட்டின் மேல்மாடிச் சன்னலிலிருந்து விழுந்து இறந்தார். உயில் எழுதிய சில நாள்களுக்குள் நேர்ந்த சாவு என்பதால் தற்கொலையோ என்ற ஐயம் எழுந்தது; தற்கொலை என்று உறுதியானால் இறந்தவரின் சொத்தைப் பறிமுதல் செய்யலாம் என்பது அக்காலச் சட்டம். அரசியின் அறக்கொடை அதிகாரியாக இருந்த ஆயர், ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததால் குடும்பம் தப்பித்தது.

ஏழு ‘லஸ்ட்ரம்’, அதாவது 35 ஆண்டுகள், தந்தையின் கல்லறைக்குச் சென்று செய்யவேண்டிய கடனைத் தாம் செய்யவில்லை என்று மன்னிப்புக் கேட்கும் பாடலொன்றைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். திதி தவறாமல் கொடுக்கும் குடும்பங்களில் பிறந்த நமக்கு அந்தப் பாடலின் கனத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1607இல், அரசருக்கு நகை செய்துகொடுத்த சிற்றப்பா சர் வில்லியம் ஹெரிக்கிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பத்தாண்டு ஒப்பந்தம். ஆறாண்டுகளில் விட்டுவிட்டு, 22 வயதில், மற்ற மாணவர்களைவிட மூத்தவராகக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கிருந்து சிற்றப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பத்துக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. எல்லாவற்றின் சாரமும் ‘பணம் அனுப்புங்கள்’ என்பதே. விடுதியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் எந்தத் தந்தைக்கும் அந்த நடை பழக்கமானதாக இருக்கும்.

பட்டறையில் கழித்த ஆறாண்டுகளால்தான் அவருடைய கவிதைகள் நகைபோலச் சிறியனவாகவும் மெருகேறியும் இருக்கின்றன என்று எழுதாத திறனாய்வாளர் இல்லை. அது மிக எளிதாகக் கிடைக்கும் ஒப்புமை என்பதால் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஆனாலும் 1648இல் வெளிவந்த ‘ஹெஸ்பரிடீஸ்’ என்னும் அவருடைய ஒரே நூலைப் புரட்டினால் தயக்கம் பாதி கரைந்துவிடுகிறது. 1,400க்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றில் மிகப் பல இரண்டே வரிகள். நம் யாப்பில் இருசீர் கொண்ட குறளடிதான் மிகச் சிறிய அடி. ‘இவ்விடம் விட்டு நீங்குதல்’ என்னும் பொருளில் அவர் எழுதிய பாடலில் அடிக்கு ஒரு சீர்தான்: போகிறேன், சாகிறேன், யாரும் அறியாமல் மறைகிறேன் என்று பதினைந்து அடிகள் கம்பியாக இழுத்ததுபோல இறங்கி, விடை சொல்லி முடிகின்றன. சேதாரம் என்பதே இல்லாத வேலை. தங்கள் தொழிலில் அதை எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்!

இவரும் ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் ஒருவரா? – வாசகர், மேலூர்

இல்லை. இருவரும் பாதிரியார்கள், இருவரும் கவிஞர்கள், பிறப்பிலும் இரண்டே ஆண்டு இடைவெளி, பெயரும் குழப்புகிறது. ஹெர்பர்ட் சமயப் பாடல்கள் மட்டுமே எழுதி 1633இல் 39 வயதில் இறந்தவர்.

ஜூலியா யார்? அந்தியா, கொரின்னா, எலெக்ட்ரா என்று இன்னும் பலர் வருகிறார்களே. அவர் மணம் புரிந்தாரா? – இல்லத்தரசி, அனுப்பானடி

அவர் மணம் புரியவில்லை. “போய்த் திருமணம் செய்துகொள்ளுங்கள்” என்று ஊராருக்குச் சொன்னவர் தாம் கடைசிவரை தனியாகவே இருந்தார். ஜூலியா முதலிய பெயர்கள் அவர் விரும்பிப் படித்த பழைய இலத்தீன் காதற்கவிதைகளின் பாணியில் சூட்டிய பெயர்கள். டெவன் கிராமத்தில் அப்பெயர்களுடன் யாரும் நடமாடியிருக்க மாட்டார்கள். அகப்பாட்டில் ஒருவருடைய பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஹெரிக் ஒரு பெயரைச் சொல்வதற்குப் பதிலாகப் பன்னிரண்டு பெயர்களைச் சொல்லி அதே விளைவை உண்டாக்கிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். நூலின் முடிவில், தம் கவிதை களித்துத் திரிந்தாலும் தம் வாழ்க்கை தூயதாகவே இருந்தது என்று ஒரு வரியும் எழுதிவைத்தார்.

ஜூலியாவைப் பற்றிய பாடல்களில் அவளைவிட அவளுடைய உடையே மிகுதியாகப் பேசப்படுகிறது. பட்டுடுத்தி அவள் நடக்கும்போது அந்தப் பட்டு நீராக உருகி ஓடுகிறது என்பது ஆறே வரிப் பாடல். ஒழுங்கற்ற அலங்காரமே அழகு என்று வாதிடும் பதினான்கு வரிப் பாடல் அதைவிடவும் புகழ்பெற்றது: தோளில் சரிந்த மெல்லிய துணி, கவனியாமல் விட்ட மணிக்கட்டு மடிப்பு, அவசரமாக முடிந்த காலணி நாடா. சடையில் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் மல்லிகைச் சரத்தைத் திருத்தப் போகிற தாயைத் தடுத்து, “அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லும் ஒருவரை நினைத்துக்கொண்டால் பாடலின் மனநிலை பிடிபடும். இரண்டாம் வரியின் முதல் அசையிலேயே அவர் வழக்கமான தாளத்தைத் தலைகீழாக்கிவிடுகிறார். ஆடை கலையும் இடத்தில் யாப்பும் கலைகிறது. அப்படிப்பட்ட கவனக்குறைவுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

அவருடன் உண்மையாகவே வாழ்ந்த பெண், வீட்டைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண் புரூடன்ஸ் பால்ட்வின். பாடல்களில் அவளைப் ‘புரூ’ என்று செல்லமாக அழைக்கிறார். இச்சிறு தாழியில் உறங்கும் என் பணிப்பெண்ணின் சாம்பலிலிருந்து ஊதாப்பூ முளைக்கட்டும் என்னும் நான்கு வரிக் கல்லறைப் பாடலை, அவள் உயிருடன் இருக்கும்போதே எழுதி அச்சிட்டும்விட்டார். அவள் அவருக்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1678இல்தான் இறந்தாள்.

லண்டனில் பெரிய கவிஞர்களுடன் பழகியவர் பட்டிக்காட்டில் எப்படிக் காலம் தள்ளினார்? பன்றி வளர்த்தார் என்பது உண்மையா? – வாசகர், உசிலம்பட்டி

முதலில் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். பென் ஜான்சனைச் சுற்றி லண்டன் மதுக்கடைகளில் கூடிய இளங்கவிஞர் குழுவில் ஒருவராக இருந்தவருக்கு டெவன் ஒரு நாடுகடத்தலாகவே பட்டது. இந்த மந்தமான டெவனில் பட்ட துயரத்தைப் போலப் பிறந்தது முதல் எங்கும் பட்டதில்லை என்று எழுதினார். ஆனால் அதே பாடலில், வெறுத்த இந்த இடத்தில்தான் என் சிறந்த பாடல்கள் பிறந்தன என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இருந்தது.

1647இல், அரசரின் பக்கம் நின்றதற்காகப் பாராளுமன்றத்தார் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவ்வூர் ஓடையைப் பார்த்து, பாறைகள் ஆறாகி ஆறுகள் மனிதர்களானால் ஒழியத் திரும்பி வரமாட்டேன் என்று சபதம் பாடியவர், மன்னராட்சி மீண்டபின் தாமே விண்ணப்பம் போட்டு 1662இல் அதே ஓடைக் கரைக்கு வந்து சேர்ந்தார். வைகை வறண்டு கிடக்கும்போது இந்த ஊரில் மனிதன் இருப்பானா என்று திட்டிவிட்டு வெளியூர் போய்ப் பணிஓய்வுக்குப் பின் இங்கேயே வீடு கட்டுகிறவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். திரும்பி வந்தபின் அவர் எழுதியதாக நாம் அறிவது மிகக் குறைவு.

பன்றியைப் பொறுத்தவரை, அதற்குக் குவளையில் குடிக்கப் பழக்கியிருந்தார் என்பதும், பிரசங்கத்தைக் கவனியாத சபையார்மேல் கையெழுத்துப் பிரதியைத் திட்டிக்கொண்டே வீசினார் என்பதும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவந்த கதைகள். தம் வீட்டைப் பற்றிய ஒரு பாடலில் அவரே சொல்வது கோழி, வாத்து, ஆட்டுக்குட்டி, பூனை, டிரேசி என்னும் நாய் ஆகியவற்றை மட்டுமே. தம் சிறு வீட்டுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் பாடலில் ஒழுகாத கூரை, ஏழைகளின் காலடியால் தேய்ந்த வாசற்படி, சின்னஞ்சிறு சமையலறை, கீரை, பீட்ரூட், நாள்தோறும் முட்டையிடும் கோழி என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறார். டெவனை வெறுத்தவர் என்று அதைப் படித்தபின் யாரும் சொல்ல முடியாது.

அறுவடையைப் பற்றி அவர் பாடியிருக்கிறாராமே? – விவசாயி, சோழவந்தான்

கதிர் அறுத்து முடித்துக் கடைசிச் சுமையை அலங்கரித்த வண்டியில் ஏற்றி ஆட்டமும் பாட்டமுமாக வீடு கொண்டுவரும் விழாவை நெடும்பாடலாகவே பாடியிருக்கிறார். முடிவு மட்டும் நெருடும். விருந்து முடிந்தது, மாட்டை மறுபடி நுகத்தில் பூட்டுங்கள், இந்த மகிழ்ச்சி உங்கள் வலியை அமிழ்த்துவதற்கு வந்த மழையன்று, வலியை மீண்டும் முளைக்கவைப்பதற்கு வந்த மழை என்று உழைப்பாளரிடம் சொல்கிறார். பண்ணையாருக்குக் காணிக்கையாக்கிய பாடலில் இப்படி ஒரு வரி தெரிந்து வந்ததா, தெரியாமல் வந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். வண்டி கட்டிப் பார்த்த எவருக்கும், தெரிந்தே வந்தது என்றுதான் தோன்றும்.

ஊர்த் திருவிழாக்களை அவர் விடாமல் பாடியதற்குக் காரணம் உண்டு. மே மாத முதல் நாளில் பூவும் தழையும் பறித்து வந்து கம்பம் நட்டு ஆடும் வழக்கத்தைத் தூய்மைவாதிகள் எனப்பட்ட கண்டிப்பான கிறித்தவப் பிரிவினர் பாவம் என்றார்கள். 1644இல் பாராளுமன்றம் அக்கம்பங்களைத் தடைசெய்தது. ஹெரிக்கோ, பறவைகளெல்லாம் காலை வழிபாட்டை முடித்துவிட்ட பிறகு நீ வீட்டுக்குள் இருப்பதுதான் பாவம் என்று கொரின்னாவை எழுப்புகிறார். ஏறத்தாழ அதே காலத்தில்தான், அழகர் ஆற்றில் இறங்கும் விழாவையும் மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரையில் ஒன்றாக்கிக் கிராமத்தார் அனைவரையும் திருமலை நாயக்கர் வைகைக்கு வரவழைத்தார் என்று மதுரை மரபு கூறுகிறது. ஹெரிக் இங்கே பிறந்திருந்தால் மனக்குறை இல்லாமல் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. சித்திரை வெயிலை மட்டும் திட்டியிருப்பார்.

அவருடைய சமயப் பாடல்களை யாராவது படிக்கிறார்களா? – சபை ஊழியர், பசுமலை

‘நோபிள் நம்பர்ஸ்’ என்ற தலைப்பில் 270க்கு மேற்பட்ட சமயப் பாடல்கள் அதே நூலின் பின்பகுதியாக அச்சிடப்பட்டன. காதற்பாடல்களின் புகழ் அவற்றுக்கு இல்லை. உள்நாட்டுப் போரின் நடுவே, அரசரின் தலை விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளிவந்த நூலை அன்று அதிகம் பேர் கண்டுகொள்ளவும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகே இதழ்களின் வழியாக ஹெரிக் மீண்டும் பேசப்பட்டார்.

அவற்றுள் முதன்மையானது தூய ஆவியை நோக்கிய மன்றாட்டு. “இனிய ஆவியே, என்னைத் தேற்று” என்னும் பல்லவி ஒவ்வொரு பத்தியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. நோயுற்று நெஞ்சும் தலையும் தளர்ந்து படுத்திருக்கையில், திறமையற்ற மருத்துவர் தம் கட்டணத்தைத் தவிர வேறெந்த நம்பிக்கையையும் காணாத வேளையில், வீடு பெருமூச்செறிந்து அழ, உலகமெல்லாம் உறக்கத்தில் மூழ்கியிருக்க, என் கண்கள் மட்டும் விழித்துக் காவல் இருக்கையில் என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. மரணப் படுக்கைப் பாடலில் மருத்துவரின் கட்டணத்தைச் செருகத் துணிந்தவர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

யாராவது படிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். 1810இல் லண்டனின் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ இதழில், டீன் பிரையருக்கு நேரில் சென்று ஹெரிக்கைப் பற்றி விசாரித்த ஒருவரின் குறிப்பு வெளிவந்தது. பன்றிக் கதையும் அதில்தான் இருக்கிறது. அவ்வூரில் தம் 99ஆம் வயதில் நடந்துகொண்டிருந்த டாரத்தி கிங் என்னும் மூதாட்டி, இந்த மன்றாட்டு உட்பட ஹெரிக்கின் ஐந்து சமயப் பாடல்களைப் பிழையின்றி ஒப்பித்திருக்கிறாள். ஹெரிக்குக்கு அடுத்து வந்த பாதிரியாரின் வீட்டில் வேலைக்கு இருந்த தன் தாயிடமிருந்து அவற்றைக் கற்றவள் அவள். அவை அச்சேறியவை என்பது அவளுக்குத் தெரியாது. கண்டிருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவற்றைத் தன் ஜெபங்கள் என்றே அவள் அழைத்தாள். இரவில் தூக்கம் வராதபோது படுக்கையில் கிடந்தபடி அவற்றைச் சொல்லிக்கொள்வது வழக்கம் என்று வந்தவரிடம் கூறினாள்.